இரண்டு கடலும் ஒரு செங்கோண முக்கோணமும்

ராமநாதபுரத்தில் பி.காம். படிக்கும் பாம்பன் மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பங்குச் சந்தையில் ஆபத்தான ஒரு பங்கோடு ஆபத்தான இன்னொரு பங்கைச் சேர்த்தால் ஆபத்து குறையும் என்று பாடத்தில் வருகிறது. கலங்கிய தண்ணீரோடு கலங்கிய தண்ணீரைச் சேர்த்தால் தெளிந்துவிடுமா?"

சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு நகராமல் கேட்டிருக்கிறாரே, அதுவே பெரிய விஷயம். விடையும் அவர் ஊரில்தான் இருக்கிறது. பாம்பன் பாலத்தில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்ப் பேச்சில் வடகடல், தென்கடல். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் தென்கடல் நுரை தள்ளும், வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடை தொடங்கினால் கதை தலைகீழ். காற்றைப் பார்த்து நாட்டுப்படகைக் கரை மாற்றிக் கட்டுவது இங்கே பழைய வழக்கம்.

ஆனால் பருவம் மாறுவது முன்கூட்டியே தெரிந்த சங்கதி. அதை இடர் என்று சொல்ல முடியாது. நாம் எதிர்பார்த்த அளவிலிருந்து வரவு எவ்வளவு விலகும் என்பதுதான் இடர். அதை அளக்கும் கோல், பத்தாம் வகுப்பில் படித்த திட்ட விலக்கம்.

இரண்டு பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் திட்ட விலக்கம் 10 சதவீதம். பணத்தைப் பாதிப் பாதியாகப் போடுகிறோம். அப்படியானால் ஒவ்வொன்றின் ஆட்டமும் நம் கையில் 5 சதவீதம். இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால் 5 + 5 = 10; எந்த லாபமும் இல்லை, மாணவர் சொன்ன கலங்கிய தண்ணீர்தான். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்றால்? விடை ஏறக்குறைய 7.1.

எங்கிருந்து வந்தது இந்த 7.1? (அ + ஆ)² என்பதை விரித்துப் பாருங்கள்: அ² + ஆ² + 2அஆ. அ, ஆ இரண்டும் அந்தந்தப் பங்கின் விலகல்கள். இரண்டும் ஒரே பக்கம் விலகினால் 2அஆ கூட்டலில் வரும். எதிரெதிராக விலகினால் கழித்தலில் வரும். தொடர்பில்லாத இரண்டில், நீண்ட கால சராசரியில் இந்தக் கூட்டலும் கழித்தலும் அடித்துப் போய்ப் பூச்சியமாகிவிடும். மிஞ்சுவது அ² + ஆ². இதை எங்கோ பார்த்திருக்கிறோமே? பித்தாகரஸ்! 5-ஐயும் 5-ஐயும் செங்கோணத்தில் வரைந்தால் கர்ணம் √50. கிழக்கே 3 கிலோமீட்டர், வடக்கே 4 கிலோமீட்டர் போன படகு, புறப்பட்ட இடத்திலிருந்து 7 கிலோமீட்டரில் நிற்பதில்லை, 5 கிலோமீட்டரில் நிற்கிறது. இடரும் அப்படியே குறுக்குவழியில் கூடுகிறது. லாபமோ நேர்கோட்டில் கூடுகிறது, அதில் ஒரு பைசா குறைவதில்லை.

இன்னும் அழகு, செங்கோணம் இல்லாதபோது. அப்போது 2அஆ அழியாமல் கொஞ்சம் தங்கும். எவ்வளவு தங்கும் என்பதைச் சொல்லும் ஒட்டுறவுக் கெழு, இரண்டு கோடுகளின் திசைகளுக்கு நடுவே உள்ள கோணத்தின் கொசைனேதான். ஒரே திசையென்றால் 1, செங்கோணமென்றால் 0, நேரெதிரென்றால் -1. மண்டபம் ஊரிலிருந்து பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்புறத்தில் கோடு போட்டு இதைப் புரிந்துகொண்டேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஹாரி மார்கோவிட்ஸ் இதை முதலீட்டுக்குப் பொருத்தி 1952-ல் கட்டுரை எழுதினார். 1990-ல் நோபல் பரிசு வந்தது. அவருடைய முனைவர் பட்டத் தேர்வில் இது பொருளாதாரமே அல்ல என்று வாதாடியவர் புகழ்பெற்ற பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன். நம் ஊரிலோ ராசிக்கேற்ற பங்கு எது என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள், கேட்கவும் ஆள் இருக்கிறார்கள். கொசைன் படித்த பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்பதுதான் எரிச்சல்.

சரி, பங்குகளை அடுக்கிக்கொண்டே போனால் இடர் பூச்சியமாகிவிடுமா? ஆகாது. தொடர்பில்லாத நான்கே பங்குகள் 10 சதவீதத்தை 5 ஆக்கிவிடும். எல்லாச் சோடிகளுக்கும் ஒட்டுறவு 0.25 இருக்குமானால், நூறு பங்கு வாங்கினாலும் 5.07-தான் வரும். நிஜச் சந்தையில் பங்குகள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். நெருக்கடி வந்தால் உறவு இன்னும் இறுகும். 2020 மார்ச்சில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி தன் ஜனவரி உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தபோது மருந்து, வங்கி, எண்ணெய் எல்லாம் சேர்ந்தே விழுந்தன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன இரவில் வடகடல், தென்கடல் என்ற பேதம் இருக்கவில்லை.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது. மீன்வரத்தை எண்ணிப் பழகிய மண் இது. இங்கே நிதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏன் அமெரிக்கப் பங்கு விலைகளைக் கொடுத்து ஒட்டுறவு கணக்கிடச் சொல்கிறோம்? இரண்டு கரையிலும் விடியற்காலை ஏலத்தில் நின்று ஓராண்டு எண்ணிவர ஒரு வகுப்புக்குப் பெரிய மானியம் தேவையில்லை. பஸ் கட்டணமும் நோட்டும் போதும்.

மாணவர் கடிதத்தின் கடைசி வரி: "அப்பாவுக்கு வடகடலில் ஒரு படகு, தென்கடலில் ஒரு படகு. எங்கள் வீட்டில் இடர் ஏற்கெனவே குறைந்துவிட்டதல்லவா?" மீன்பாட்டில், அதாவது பிடிபடும் மீனின் அளவில், குறைந்திருக்கும், தம்பி. ஆனால் அதற்கு இரண்டு வரி முன்னால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரண்டு படகின் நண்டும் கணவாயும் முன்பணம் கொடுத்த ஒரே வியாபாரியிடம்தான் போகின்றன என்று. அவர் விலையைக் குறைக்கும் நாளில் உங்கள் முக்கோணத்தின் கோணம் என்ன? அப்பாவின் வரவு நோட்டை எடுத்து, கிலோ கணக்கில் ஒரு முறை, ரூபாய் கணக்கில் ஒரு முறை ஒட்டுறவு போட்டுப் பாருங்கள். இரண்டு எண்களையும் எனக்கு அனுப்புங்கள்.