பணம் கேட்கும் முன் கணக்கைப் போடுங்கள், தம்பி

போன வாரம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வளவு வீட்டில், அதாவது நடு முற்றம் வைத்த செட்டிநாட்டு வீட்டில், படப்பிடிப்பு பதினோராம் நாளில் நின்றுபோனது. டீசலுக்குக் காசு வரவில்லை என்று ஜெனரேட்டர்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இயக்குநர் தம்பி முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. காரைக்குடி வட்டாரத்துக்கு வரும் யூனிட்டுகளுக்கு நான் புரொடக்‌ஷன் மேனேஜர். ஒரே வருடத்தில் இப்படி நிற்கும் மூன்றாவது படம் இது.

எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "பட்ஜெட்டைக் குறைத்துச் சொன்னால்தான் அண்ணே பணம் போடுவார்கள், பாதியை எடுத்துக் காட்டினால் மீதி தானாக வரும்." வராது தம்பி. அறுபது லட்சம் ஆகும் படத்துக்கு முப்பது என்று சொல்லி வாங்கினால், கையில் மிஞ்சுவது எந்தத் தியேட்டரிலும் ஓடாத, எந்த ஓடிடியும் வாங்காத பாதிப் படம். அந்த நிலையில் மீதியைத் தர வருகிறவர் கந்துவட்டிக்காரராகத்தான் இருப்பார், மொத்த உரிமையையும் எழுதிக் கேட்பார், முதலில் முப்பது போட்ட உங்கள் சித்தப்பா, பணம் திரும்பி வருவதில் கடைசி ஆளாக நிற்பார். அறுபது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் சித்தப்பா மறுத்திருப்பாரே என்கிறீர்களா? மறுக்கட்டும். அவர் காசாவது தப்பும், நீங்களும் கதையை முப்பதுக்குள் அடக்கி எழுதியிருப்பீர்கள்.

சரி, பட்ஜெட் எங்கிருந்து வரும்? ஸ்கிரிப்டிலிருந்துதான். காட்சி காட்சியாகப் பிரியுங்கள். 'வளவு, இரவு, மழை' என்று நீங்கள் எழுதும் ஒரு வரிக்குள் தண்ணீர் லாரி, ஜெனரேட்டர், ராத்திரி பேட்டா, அறுபது பேர் சாப்பாடு எல்லாம் இருக்கிறது. வீட்டு வாடகை என்று ஒரே ஒரு தொகையை எழுதி வைக்கிறீர்கள். வீடோ எட்டுப் பங்காளிகளுடையது, ஒருவர் மலேசியாவில் இருப்பார், அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கேமரா ஓடும் டிராலி தண்டவாளத்தை நேராகப் போட விடமாட்டார்கள். அடியில் ஜமுக்காளம், அதன்மேல் பிளைவுட். ஒரு கல் உடைந்தாலும் அதே பூவேலையில் தேடி அலைய வேண்டும். அந்தக் காசை எந்த வரியில் எழுதினீர்கள்?

அப்புறம், படப்பிடிப்போடு செலவு முடிவதில்லை. எடிட்டிங், டப்பிங், டிஐ என்கிற நிறத் திருத்தம், ஒலி மிக்ஸிங், சென்சார், தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியான டிசிபி, விளம்பரம், பில்லுக்குப் பில் 18 சதவீத ஜிஎஸ்டி. கதையில் ஆடு மாடு வந்தால் படம் எடுப்பதற்கு முன்பே விலங்கு நல வாரியத்தின் அனுமதியை வாங்குங்கள், இல்லாவிட்டால் சென்சாரில் மாட்டும். மொத்தத்தில் 10 சதவீதமாவது எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள், அதைத் தொடாதீர்கள்.

ஏவி.எம். செட்டியார் 1940களில் ஸ்டுடியோ நடத்திய ஊர் காரைக்குடி. இங்கே பழைய வீடுகளில் கல்யாணக் கணக்கு நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன், விளக்கெண்ணெய் வாங்கிய காசு வரைக்கும் எழுதியிருப்பார்கள். அப்படி எழுதுங்கள். தெரியாவிட்டால் அனுபவமுள்ள ஒரு மேனேஜரிடம் ஸ்கிரிப்டைக் கொடுங்கள், நாலு நாளில் போட்டுத் தருவார். அந்தத் தம்பியோடு நேற்று உட்கார்ந்து மீதிக் காட்சிகளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறேன். முதல் வரி, ஜெனரேட்டர் பாக்கி.