ரெண்டாவது கட்டத்தில் நாலு எட்டு

ராணிப்பேட்டை சிப்காட்டாக இருக்கட்டும், ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியாக இருக்கட்டும், காட்பாடி ரோட்டு ஆஸ்பத்திரியாக இருக்கட்டும், புகார் ஒரே அச்சில் வார்த்ததுபோல வருகிறது: "காலையில டேலி ஓப்பன் ஆச்சு சார். மதியம் கரண்ட் போயி வந்ததுலேருந்து சர்வர் தெரியல. நெட்டு மட்டும் நல்லா வருது."

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே பாதி நோய் வெளியே வந்துவிடுகிறது. நெட் வருகிறது, பக்கத்து அறையில் இருக்கும் சர்வர் மட்டும் தெரியவில்லை என்றால் கேபிளைப் பிடுங்கிச் செருக வேண்டாம், ஸ்விட்சை மாற்ற வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து பாருங்கள். அதில் டிஎன்எஸ் என்று, அதாவது பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் சர்வர் எது என்று, இரண்டு கட்டம் இருக்கும். முதல் கட்டத்தில் ஆபீஸ் சர்வரின் எண் இருக்கும். இரண்டாவது கட்டத்தில் கூகுளின் பொது டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8, அதாவது நாலு எட்டு, உட்கார்ந்திருக்கும். யார் போட்டது என்று கேட்டால் "பேக்கப்புக்குப் போட்டது சார்" என்பார்கள்.

அது பேக்கப் இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் இந்த ஒன்று மட்டும் யார் மண்டையிலும் ஏற மாட்டேன் என்கிறது. அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

நம் ஆட்கள் நினைப்பது இது: கம்ப்யூட்டர் முதல் சர்வரைக் கேட்கும், அதற்குத் தெரியவில்லை என்றால் இரண்டாவதைக் கேட்கும், ரெண்டில் ஒன்று பதில் சொல்லிவிடும். இப்படி நடப்பதே இல்லை. முதல் சர்வர் வாயே திறக்காமல் இருந்தால்தான் இரண்டாவதற்குப் போகும். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று வருவதும் கம்ப்யூட்டருக்கு முழுமையான பதில்தான். அதைக் கேட்டதும் அது தேடலை முடித்துக்கொள்ளும், வேறு யாரையும் விசாரிக்காது.

உங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம் "மேஸ்திரி வீடு எது" என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவார். கடை மூடியிருக்கிறது என்று காட்பாடி ஜங்ஷனில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டால், "அப்படி யாரும் இல்லீங்களே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஊரில் அப்படி ஒருவர் இல்லை. கூகுள் 2009-இல் தொடங்கிய 8.8.8.8-ம் அப்படித்தான். உலகத்துப் பெயரெல்லாம் சொல்லும், உங்கள் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் சர்வர் பெயர் அதற்கு எப்படித் தெரியும்? "இல்லை" என்று திட்டவட்டமாகச் சொல்லும். உங்கள் கம்ப்யூட்டரும் நம்பிவிடும்.

விண்டோஸ் முதல் சர்வருக்காகக் காத்திருப்பது ஏறக்குறைய 1 நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்ததற்குத் தாவும். தாவியபின் சிறிது நேரம் அந்த அடுத்த சர்வரையே முதலில் கேட்கும் வழக்கமும் அதற்கு உண்டு. இப்போது நம் ஊர் மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். கரண்ட் வந்ததும் மேஜைக் கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. சர்வர் வட்டுகளைச் சோதித்து, ஊழியர் கணக்குகளையும் கம்ப்யூட்டர்களையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி எழுந்து, டிஎன்எஸ் சேவை பேச ஆரம்பிக்க ஐந்து நிமிடம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது நாலு எட்டு. "இல்லை" என்ற பதிலையும் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். சர்வர் எழுந்த பிறகும் சில மேஜைகளில் டேலி திறக்கும், சிலவற்றில் திறக்காது, பத்து நிமிடம் கழித்து தானாகச் சரியாகும். இந்த "தானாகச் சரியாவது"தான் கொடுமை. அதற்குள் யாரோ ஒரு தம்பி ஸ்விட்சை ரீஸ்டார்ட் செய்திருப்பார், சரியானதற்கு அதுவே காரணம் என்று நோட்டில் எழுதியும் வைத்திருப்பார். இன்னும் சிலர் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள். அரை நாள் வேலை போய்விடும். புதிதாகப் போட்டதும் கட்டம் காலியாக இருப்பதால் வேலை செய்யும். பிறகு அதே தம்பி வந்து அதே நாலு எட்டை நிரப்பிவிட்டுப் போவார்.

டொமைனில், அதாவது ஆக்டிவ் டைரக்டரி நிர்வகிக்கும் குழுவில், சேர்ந்த கம்ப்யூட்டருக்கு இது இன்னும் கெடுதல். லாகின் செய்யும்போது, அதைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதை எஸ்ஆர்வி என்ற வகைப் பதிவைக் கேட்டுத்தான் விண்டோஸ் கண்டுபிடிக்கிறது. அந்தப் பதிவு உள்ளே இருக்கும் டிஎன்எஸ்ஸில் மட்டுமே இருக்கும். கிடைக்காவிட்டால் லாகின் இழுக்கும், ஆபீஸ் முழுவதற்குமான அமைப்புகளான குரூப் பாலிசி இறங்காது, பாஸ்வேர்டு மாற்ற முடியாது. உங்கள் சர்வர்களின் பெயர்கள் கேள்வியாக வெளி உலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் சங்கடம் தனி.

ஆகவே விதி ஒன்றுதான். கம்ப்யூட்டரின் டிஎன்எஸ் கட்டங்களில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் உள்பெயர்களை அறிந்த சர்வருடையதாக இருக்க வேண்டும். வெளிப்பெயர்களை விசாரிப்பது அந்த சர்வரின் வேலை. டிஎன்எஸ் மேனேஜரில் சர்வரின் மேல் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், ஃபார்வர்டர்ஸ். தனக்குத் தெரியாத பெயரை சர்வர் யாரிடம் கேட்கும் என்ற பட்டியல் அது. நாலு எட்டு இருக்க வேண்டிய இடம் இதுதான். அதோடு உங்கள் இணைய நிறுவனம் தரும் டிஎன்எஸ் எண்ணையும் போடுங்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று. இங்கே பேக்கப் என்ற சொல் பொருந்தும், ஏனென்றால் இரண்டுமே வெளிப்பெயர்களுக்கு ஒரே பதிலைத்தான் சொல்லும்.

"எங்கிட்ட ஒரே சர்வர்தான் சார், அது படுத்தா நெட்டும் போயிடுமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆமாம், போகும். அது தாங்காது என்றால் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் ஒன்று வையுங்கள். ஆக்டிவ் டைரக்டரியோடு இணைந்த ஸோன், அதாவது டொமைனின் பெயர்ப் பட்டியல், தானாகவே அதற்கும் நகலாகிவிடும். லைசென்ஸ் செலவுக்கு முதலாளி முகம் சுளித்தால் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும் பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளும் போட்டு செகண்டரி ஸோனாக, அதாவது நகல் பட்டியலாக, வைக்கலாம். முதன்மை சர்வரில் அந்த எண்ணுக்கு மட்டும் ஸோன் டிரான்ஸ்ஃபர் அனுமதி கொடுங்கள், எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். நடுவில் ஃபயர்வால் இருந்தால் 53-ஆம் போர்ட்டில் யுடிபி மட்டும் போதாது, டிசிபியும் திறந்திருக்க வேண்டும். ஸோன் நகல் டிசிபியில்தான் போகிறது, பெரிய பதில்களும் அப்படியே.

இரண்டு டொமைன் கன்ட்ரோலர் வைத்தவர்கள் கவனிக்க: ஒவ்வொன்றின் முதல் கட்டத்திலும் மற்றதன் எண், இரண்டாவதில் தன்னையே குறிக்கும் 127.0.0.1. சர்வரின் கட்டத்திலும் நாலு எட்டைப் போட்டு வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அது ஃபார்வர்டரில் போக வேண்டியது, நெட்வொர்க் கார்டில் இல்லை.

எண்களை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கையால் போடுவதையும் விட்டுவிடுங்கள். எண்களைத் தானாக வழங்கும் டிஹெச்சிபியின் ஸ்கோப்பில் 006 என்ற ஆப்ஷனில் டிஎன்எஸ் சர்வர்கள், 015-இல் டொமைன் பெயர், 003-இல் வெளியே போகும் வழியான கேட்வே. அவ்வளவுதான். மாற்றிய உடனே எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் டிஹெச்சிபியின் வழக்கமான லீஸ், அதாவது எண்ணைக் கொடுத்து வைக்கும் காலம், 8 நாள். கம்ப்யூட்டர் அதில் பாதி கழிந்ததும்தான் புதுப்பிக்கக் கேட்கும். நடுவில் அணைத்து ஏற்றாத மெஷினுக்குப் புது எண் கிடைக்க 4 நாள்கூட ஆகலாம். அவசரம் என்றால் கட்டளைத் திரையில் ஐபிகான்ஃபிக் /ரின்யூ கொடுங்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த இடத்திலும் இரண்டு திருடர்கள் நுழைவார்கள். முதலாவது, கான்ஃபரன்ஸ் அறையில் வைஃபை வரவில்லை என்று யாரோ கடையில் வாங்கி வந்து லேன் போர்ட்டில் செருகிய ரூட்டர். அதற்குள்ளும் ஒரு டிஹெச்சிபி இருக்கும், கேட்பவருக்கெல்லாம் 192.168.1.1-ஐயோ 192.168.0.1-ஐயோ டிஎன்எஸ்ஸாகக் கொடுக்கும். ஐபிகான்ஃபிக் /ஆல் அடித்து "டிஹெச்சிபி சர்வர்" என்ற வரியைப் பாருங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால் ரூட்டரைத் தேடிப் போய் அதன் டிஹெச்சிபியை அணையுங்கள். இரண்டாவது திருடர் ஐபிவி6, புதிய வகை நீண்ட எண் முறை. இணைய நிறுவனத்தின் மோடம் தன்னையே டிஎன்எஸ்ஸாக அறிவிக்கும். பெயருக்கு எண் கேட்கும் என்எஸ்லுக்கப் கட்டளையை அடித்ததும் மேலே தெரியும் சர்வர் எண் எஃப்இ80 என்று தொடங்கினால் ஆள் அவர்தான். ஐபிவி4 கட்டத்தை எத்தனை முறை சரிபார்த்தாலும் கண்ணில் படமாட்டார். மோடத்தில் அந்த அறிவிப்பை நிறுத்துங்கள். கம்ப்யூட்டரில் ஐபிவி6-ஐயே அணைப்பது சுலபம், ஆனால் விண்டோஸ் சர்வரில் அதைச் செய்ய மைக்ரோசாஃப்ட்டே பரிந்துரைப்பதில்லை.

ஹோஸ்ட்ஸ் ஃபைல் வைத்தியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சர்வர் தெரியவில்லை என்றதும், கம்ப்யூட்டருக்குள்ளேயே பெயருக்கு எண் எழுதிவைக்கும் அந்த ஃபைலைத் திறந்து பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டு "முடிஞ்சுது சார்" என்று கிளம்பிவிடுகிறீர்கள். இரண்டு வருடம் கழித்து சர்வர் எண் மாறும்போது அந்த ஒரு மேஜை மட்டும் பழைய எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம், ஏனென்றால் என்எஸ்லுக்கப் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் பார்க்காது, கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருக்கும் கேஷையும் பார்க்காது, நேராக சர்வரைக் கேட்டு சரியான எண்ணைக் காட்டும். பிங் அடித்தால் பழைய எண் வரும். இரண்டும் வேறு வேறாக வந்தால் முதலில் அந்த ஞாபகத்தை அழிக்கும் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து உங்களுக்கு முந்தியவர் எழுதியதை அழியுங்கள்.

டொமைன் பெயர் வைக்கும்போதும் கொஞ்சம் யோசியுங்கள். வெளியில் இருக்கும் வெப்சைட்டின் பெயரையே உள்ளேயும் வைத்தால் "வீட்ல நம்ம சைட்டு தொறக்குது, ஆபீஸ்ல தொறக்கல" என்று வரும். உள்ளே இருக்கும் டிஎன்எஸ் தானே அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் என்று நினைப்பதால் வெளியே கேட்காது. மூன்று டபிள்யூவுக்கான பதிவை நீங்களே உள்ளே சேர்க்க வேண்டும். முன்னால் மூன்று டபிள்யூ இல்லாத மொட்டையான டொமைன் பெயரை டொமைன் கன்ட்ரோலர்கள் தங்கள் எண்ணோடு பதிந்துகொள்வதால் அதைச் சரிசெய்யவே முடியாது. லோக்கல் என்று முடியும் பெயர் வைத்தாலும் மேக் கம்ப்யூட்டர்களோடு சண்டை வரும். சர்வர் இல்லாமலே பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பெயர் கேட்கும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் என்ற முறைக்கு 2013-இல் வந்த தரம் அந்த லோக்கல் விகுதியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது. கம்பெனியின் சொந்த டொமைனுக்கு முன்னால் "ஏடி" என்று ஒரு கிளை சேர்ப்பது நிம்மதி. கம்ப்யூட்டர் பெயர் 15 எழுத்தைத் தாண்ட வேண்டாம். விண்டோஸின் பழைய பெயர் முறையான நெட்பயாஸ் அதோடு வெட்டிவிடும், முதல் 15 எழுத்து ஒன்றாக இருக்கும் இரண்டு மெஷின்கள் மோதிக்கொள்ளும்.

பழைய பதிவுகளைத் துடைக்கும் ஸ்கேவெஞ்சிங் வழக்கமாக அணைந்தே இருக்கும். அதனால் போன வருடம் வேலையை விட்டவரின் லேப்டாப் பெயரும் இன்று சேர்ந்தவரின் கம்ப்யூட்டரும் ஒரே எண்ணில் நிற்கும். கட்டிங் செக்‌ஷனுக்கு ரிமோட் எடுத்தால் பேக்கிங் செக்‌ஷன் திறக்கும். சர்வரிலும் ஸோனிலும், இரண்டு இடத்திலும் அதை இயக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் டிக் போட்டால் எதுவும் நடக்காது. பதிவைப் புதுப்பிக்க விடாத 7 நாளும், புதுப்பிக்கக் காத்திருக்கும் 7 நாளும் என்ற வழக்கமான அளவே போதும். கையால் சேர்த்த பதிவுகளுக்கு நேரமுத்திரை இல்லாததால் அவை தப்பிவிடும். ஆனால் எல்லாப் பதிவுக்கும் முத்திரை குத்தும் கட்டளையை இணையத்தில் எங்கோ பார்த்து அடித்துவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் உங்கள் பிரிண்டரும் பயோமெட்ரிக் மெஷினும் பட்டியலிலிருந்து காணாமல் போகும்.

சர்வரின் எண்ணை மாற்றப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே அந்தப் பதிவின் டிடிஎல்லை, அதாவது பதிலை எத்தனை நொடி ஞாபகம் வைத்திருக்கலாம் என்ற அளவை, 3600 நொடியிலிருந்து 300-க்கு இறக்குங்கள். மாற்றிய அன்று காலை இறக்கினால், பழைய பதிலை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் ஒரு மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கரண்ட் வந்தபின் எதை முதலில் ஏற்றுவது என்பதையும் வாட்ச்மேன் முதல் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஸ்விட்ச், சர்வர், சர்வரில் லாகின் திரை வந்தபின் கொஞ்சம் பொறுத்து மற்றவை. சர்வர்களின் எண்கள், ஃபார்வர்டர் எண்கள், கேட்வே, டிஹெச்சிபி எல்லை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எக்செல் ஃபைலில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். டிஎன்எஸ் படுத்திருக்கும் நேரத்தில் அந்த எக்செல் எந்த சர்வரின் ஷேரில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.