ஒரே சேனலில் பூசையும் அரட்டையும்: வலுத்த அலை எப்படி ஜெயிக்கிறது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அயர்லாந்தில் தேவாலயத் திருப்பலியை சிபி ரேடியோ அலைவரிசைக்குப் பக்கத்தில் ஒலிபரப்பி, வெளியே போக முடியாத வயதானவர்கள் வீட்டிலிருந்தே கேட்கிறார்களாமே, நம்ம கோயிலும் அப்படிச் செய்யலாமா? சிபிக்காரர்கள் பேச்சும் அர்ச்சனையும் மோதிக்கொள்ளாதா?"

நல்ல கேள்வி. (சிபி என்பது பொதுமக்கள் வாக்கி டாக்கி போன்ற பெட்டிகளில் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் வானொலி.) முதல் பாதிக்குச் சட்டம் பதில் சொல்லும், அதைக் கடைசியில் பார்ப்போம். இரண்டாவது பாதிக்குப் பதில் சொல்வது இயற்பியல், எனக்குப் பிடித்தது அதுதான்.

அவர் கேள்விப்பட்டது உண்மை. அயர்லாந்தில் 27.6 மெகாஹெர்ட்ஸுக்கும் 28க்கும் இடையில் தேவாலயங்கள் உரிமம் வாங்கி ஒலிபரப்புகின்றன. பிரிட்டனில் நெருக்கம் இன்னும் அதிகம். அங்கே 1981 நவம்பர் 2ஆம் தேதி சிபியைச் சட்டப்படி அனுமதித்தபோது 27.60125 முதல் 27.99125 வரை 40 சேனல்கள் கொடுத்தார்கள், எஃப்எம் மட்டும்தான், 4 வாட்தான். பிற்பாடு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தேவாலயம் போன்ற சமூக அமைப்புகளின் ஒலிபரப்புக்கு ஒதுக்கியதும் அதே சேனல்களைத்தான். சிபிக்காரருக்கு 2006 முதல் உரிமமே வேண்டாம், தேவாலயத்துக்கு வேண்டும். காசு கட்டியவரும் கட்டாதவரும் ஒரே சேனலில் உட்கார்ந்தால் முணுமுணுப்பு வராமல் இருக்குமா?

ஆனால் இது ஏஎம்மாக இருந்திருந்தால் முணுமுணுப்பு அடிதடியாகவே ஆகியிருக்கும். ஏஎம்மில் செய்தி இருப்பது அலையின் உயரத்தில். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் உயரங்கள் கூடிக்கொள்கின்றன, இரண்டு குரலும் கேட்கும், போதாததற்கு இரண்டு அலைகளின் அதிர்வெண் வித்தியாசம் ஒரு விசிலாக வரும். விமானங்கள் இன்றைக்கும் ஏஎம்மில் பேசுவதை இதை வைத்து நியாயப்படுத்துவார்கள்: இன்னொருவர் குறுக்கே பேசினார் என்பதாவது காதுக்குத் தெரிந்துவிடும். 1977இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு ஓடுபாதையில் 583 பேரைப் பலிகொண்ட இரு விமானங்களின் மோதலுக்குச் சற்று முன் விமானி அறையில் கேட்டது இப்படிப்பட்ட ஒரு கீச்சொலிதான். முக்கியமான இரண்டு செய்திகள் அதற்குள் சிதைந்து போயின.

எஃப்எம்மில் கதை வேறு. வலுத்தவன் குரல் மட்டும் கேட்கும், மெலிந்தவன் காணாமலே போவான். இதை 'கேப்சர்' என்கிறார்கள். கொஞ்சம் வலுவாக இருந்தால் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை, கிட்டத்தட்ட முழுசாகவே விழுங்கிவிடும். நல்ல எஃப்எம் வானொலிப் பெட்டிக்கு 1 அல்லது 2 டெசிபெல் வித்தியாசமே போதும். அதாவது ஒன்றின் ஆற்றல் மற்றதைவிட ஒன்றரை மடங்கு இருந்தால் ஆட்டம் முடிந்தது. ஏன்?

கோயிலில் ஒரு அப்பா நவகிரகம் சுற்றுகிறார், கையில் பிள்ளை. பிள்ளை சும்மா வருமா? அப்பா கையைப் பிடித்தபடியே அவரைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, முன்னே பாய்கிறது, பின்னே இழுக்கிறது. நீங்கள் அப்பாவைப் பார்க்காமல் பிள்ளையை மட்டும் பார்த்து, அது நவகிரகத்தை எத்தனை சுற்று வந்தது என்று எண்ணுங்கள். அப்பாவுக்கும் மேடையின் நடுவுக்கும் உள்ள தூரத்தைவிட அவர்கள் கோர்த்த கைகளின் நீளம் குறைவாக இருக்கும்வரை, பிள்ளை என்ன கூத்தடித்தாலும் கணக்கு அப்பா வந்த ஒன்பதுதான். பிள்ளை நடுவைத் தாண்டி மறுபக்கம் போகவே முடியாது, அதனால் அதன் சொந்தச் சுற்று எதுவும் கணக்கில் ஏறாது.

எஃப்எம் பெட்டி செய்வதும் இந்தச் சுற்று எண்ணும் வேலைதான். அலையை ஒரு சுழலும் அம்பாக வரைந்தால், 27 மெகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 2 கோடியே 70 லட்சம் சுற்று. பேசுபவரின் குரல் அந்த வேகத்தை ஒரு 2,000 சுற்று முன்னே பின்னே அசைக்கிறது, செய்தி முழுவதும் அந்த அசைவில்தான். அம்பின் நீளத்தை லிமிட்டர் என்ற பகுதி வெட்டிச் சமன் செய்துவிடும், யாருக்கும் அது தேவையில்லை. வலுத்த அலை அப்பா, அதன் நுனியில் ஒட்டிச் சுழலும் மெலிந்த அலை பிள்ளை, ஆன்டெனாவுக்குக் கிடைப்பது இரண்டும் கூடிய இடம். சராசரிச் சுற்று வலுத்தவருடையது. மெலிந்தவர் கொஞ்சம் முன்னே பின்னே ஆட்டுவார், அவ்வளவுதான். நீளம் இரண்டும் சமமாகும் புள்ளியைத் தாண்டினால் கணக்கு சட்டென்று மற்றவர் பக்கம் புரண்டுவிடும், நடுவில் பாதிப் பாதி என்ற நிலையே கிடையாது. இதில் எவ்வளவு அழகான கணிதம் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கும்.

சரி, அந்த ஆட்டம் எங்கே போகும்? பாட்டு வானொலியில் அலை 75 கிலோஹெர்ட்ஸ் வரை அசைவதால், அந்த ஆட்டம் பெரும்பாலும் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும், வடிகட்டி அதைத் தூக்கி எறியும். சிபியில் அசைவே 2 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால் ஆட்டம் காதுக்குள்ளேயே விழுகிறது, கரகரப்பாக. அதனால் சிபியில் முழு வெற்றிக்கு இன்னும் பெரிய வித்தியாசம் வேண்டும்.

அது கிடைப்பது பெரிய சிரமமில்லை. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டித்தால் ஆற்றல் கால்வாசி, அதாவது 6 டெசிபெல் குறையும். கட்டடம், மரம், தரை எல்லாம் குறுக்கே வரும் ஊருக்குள் இன்னும் வேகமாகக் குறையும். ஆக, தேவாலயத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் திருப்பலி ஜெயிக்கும், சிபிக்காரரைச் சுற்றியுள்ள தெருவில் அவர் அரட்டை ஜெயிக்கும். நடுவில் உள்ள வீடுதான் பாவம்.

இதைப் பார்க்க அயர்லாந்து போக வேண்டாம், பினாங்கு தைப்பூசம் போதும். நம் நாட்டு சிபி 477.0125 முதல் 477.4875 மெகாஹெர்ட்ஸ் வரை, 39 சேனல். ஜாலான் உத்தாமாவில் ஒரு தண்ணீர்ப் பந்தல், தண்ணீர்மலை அடிவாரத்தில் இன்னொன்று, இரண்டும் தெரியாமல் ஒரே சேனலை வைத்திருக்கும். தொண்டர் வாக்கி டாக்கியோடு நடுவில் நடந்து வந்தால், ஓர் அடியில் "ஐஸ் தீந்துபோச்சு" கேட்கும், அடுத்த அடியில் வேறு யாரோ மோர் கேட்பார். இங்கே அலைநீளம் 63 சென்டிமீட்டர். சுவரிலும் லாரியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் சேர்ந்து, அதில் பாதி தூரத்துக்குள்ளேயே வலுவை ஏற்றி இறக்கிவிடும். கையை ஒரு சாண் நகர்த்தினால் ஜெயிப்பவர் மாறிவிடுவார்.

அப்புறம் வாக்கி டாக்கியில் வரும் அந்த 'கோட்' சமாச்சாரம். கோட் போட்டால் தனி லைன் கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்லுவார், நம்பாதீர்கள். பேச்சோடு சேர்த்து 67 முதல் 254.1 ஹெர்ட்ஸுக்குள் ஒரு மெல்லிய தொனி போகிறது, அந்தத் தொனி வந்தால்தான் ஸ்பீக்கர் திறக்கும். உங்கள் நண்பரைவிட வலுவாக வேறு ஒருவர் வேறு கோடில் பேசினால், பெட்டி அவரைப் பிடித்துக்கொள்ளும், அவர் தொனி பொருந்தாததால் வாயை மூடிக்கொள்ளும். நண்பர் கத்துவது உங்களுக்கு வராது, யாரோ குறுக்கே வந்ததும் தெரியாது. பேட்டரியைத் திட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் அலை, சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். 2024 அக்டோபரில்தான் சூரியன் உச்சக்கட்டத்துக்கு வந்துவிட்டதாக நாசா அறிவித்தது. பழைய பெட்டியில் திடீரென்று ஏதோ புரியாத மொழியில் குரல் வந்தால், அந்த இடம் சரியில்லை, தாயத்து கட்டு என்று கிளம்பும் ஆட்கள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். தாயத்துக்கும் பரிகாரத்துக்கும் செலவழிப்பதில் ஓரிரு நூறு ரிங்கிட்டை எடுத்து, கணினியில் செருகும் ஒரு ரிசீவரை வாங்கி, பக்கத்துத் தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகத்துக்குக் கொடுத்தால் பிள்ளைகள் அந்தக் குரல் எந்த ஊர் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.

வாசகர் கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன். 477இல் செய்யவே கூடாது. அது மாறி மாறிப் பேசுவதற்கான இடம், இரண்டு மணி நேர அபிஷேகத்தை அதில் விட்டால் வட்டாரத்தில் வேறு யாரும் அந்தச் சேனலைத் தொட முடியாது. ஒலிபரப்பு என்றால் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அனுமதி வேண்டும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பல கோயில்கள் செய்ததுபோல இணையத்தில் நேரலை விடுவது சுலபம். ஆனால் கைப்பேசியைத் தடவத் தெரியாத பாட்டிக்கு ஒரே பொத்தான் உள்ள பெட்டிதான் வசதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அனுமதி கிடைத்தால் வாட்டைக் கூட்டப் பார்க்காதீர்கள், ஆன்டெனாவை உயர்த்துங்கள். பக்கத்து அடுக்குமாடியில் பதினைந்தாவது மாடியில் ஆன்டெனா நீட்டியிருக்கும் ஆள் யார் என்று விசாரித்து முதலில் அவரிடம் பேசுங்கள். ஆன்டெனாவை எங்கே கட்டினால் எடுபடும் என்பது நிர்வாகக் குழுவைவிட அவருக்குத்தான் தெரியும்.