எழுதியது ஒரு சர்வர், அலறுவது இன்னொன்று

பல சர்வர்களில் பரவிக் கிடக்கும் தரவுக்கிடங்கில் 'டீசீரியலைஸ் செய்ய முடியவில்லை', அதாவது சேமித்த பைட்டுகளைத் திரும்பப் பதிவாக மாற்ற முடியவில்லை என்று பிழை வந்தால், அது வந்த சர்வரைத்தான் எல்லோரும் முதலில் குடைவார்கள். அங்கே பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அந்த சர்வர் படிக்க முயன்றது, அவ்வளவுதான். எழுதியது வேறொன்று, நேற்று எழுதியிருக்கலாம், போன வருடமும் எழுதியிருக்கலாம்.

நிரலுக்குள் ஒரு பதிவு என்பது நினைவகத்தில் அங்கங்கே கிடக்கும் துண்டுகள். வட்டில் வைக்கவோ வலைவழி அனுப்பவோ அவற்றை ஒரே வரிசைப் பைட்டுகளாகக் கோக்க வேண்டும். அதுதான் சீரியலைசேஷன். கோத்தபின் எந்தப் பைட் எதைக் குறிக்கிறது என்பது பெரும்பாலும் படிப்பவரின் கையில். 0, 0, 0, 1 என்ற நான்கு பைட்டுகளை ஒரு திசையில் படித்தால் 1. மறுதிசையில் படித்தால் 1,67,77,216.

அதனால் பிழைச்செய்தியை நம்புவதைவிட, சிக்கிய பதிவின் முதல் சில பைட்டுகளை எடுத்துப் பார்ப்பது மேல். 172, 237, 0, 5 என்று தொடங்கினால் அது ஜாவாவின் சொந்த வடிவம். 31, 139 என்றால் ஜிஜிப்பில் சுருக்கியதை யாரோ விரிக்க மறந்திருக்கிறார்கள். 123 என்றால் நெளிவு அடைப்புக்குறி. தரவை எழுத்தாகவே வைக்கும் ஜேசானாக இருக்க வாய்ப்பு அதிகம். நிரல்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் காஃப்காவில் முதலில் ஒரு 0, அடுத்து நான்கு பைட் எண் என்றால், அந்த எண் ஸ்கீமா பதிவகத்தின், அதாவது பதிவுகளின் அமைப்பைக் குறித்துவைக்கும் இடத்தின், அடையாள எண்ணாக இருக்கக்கூடும். எழுதியவரும் படிப்பவரும் வேறுவேறு சீரியலைசர் வைத்திருக்கிறார்கள் என்ற அற்பக் காரணம் இங்கேயே பிடிபட்டுவிடும்.

வடிவம் சரி, பிழை மட்டும் போகவில்லை என்றால் பதிப்பைச் சந்தேகிக்கலாம். ஜாவாவில் கிளாஸுக்கு, அதாவது பதிவின் அமைப்பை வரையறுக்கும் நிரல்பகுதிக்கு, பதிப்பெண்ணை நாம் குறிக்காவிட்டால், அதன் அமைப்பிலிருந்து ஜாவாவே ஒன்றைக் கணக்கிட்டுக்கொள்ளும். அதில் ஒரு பப்ளிக் மெத்தட் (வெளியிலிருந்து அழைக்கக்கூடிய செயல்) சேர்த்தாலே அந்த எண் மாறும்; பழைய பதிவுகள் திறக்காது. சர்வர்களை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கும் நேரத்தில் இது இன்னும் மோசம்: பழையதும் புதியதும் அருகருகே ஓட, புதியது எழுதியதைப் பழையது படிக்கத் திணறும். பிழை வருவதும் போவதுமாக இருக்கிறதா? எந்தச் சர்வரில் எந்தப் பதிப்பு என்று அப்போதே குறித்துவிடுங்கள், புதுப்பிப்பு முடிந்ததும் தடயம் மறைந்துவிடும். புதிய வடிவத்தைப் படிக்கும் திறனை எல்லாச் சர்வர்களுக்கும் கொடுத்துவிட்டு, அதன்பிறகே அதில் எழுதத் தொடங்க வேண்டும்.

கெட்ட பதிவு ஒன்றிலேயே நிரல் மீண்டும் மீண்டும் முட்டி நின்றால், அதை மூலப் பைட்டுகளோடு தனியே ஒதுக்கிவைத்து மேலே நகரலாம். அழித்துவிடக் கூடாது, ஆதாரமே அதுதான்.

இதுவரை சொன்னவை கத்திக் கூப்பிடும் பிழைகள். எனக்குப் பயம் கத்தாதவற்றின் மேல்தான். தரவைப் பைட்டுகளாகக் கோக்கும் ப்ரோட்டோபஃப் வடிவத்தில் ஒரு புலத்தின் வகையை இன்ட்32 என்பதிலிருந்து சின்ட்32 என்று (இரண்டும் முழு எண்தான், பைட்டுகளாக எழுதும் முறை வேறு) மாற்றினால் பிழையே வராது. ஆனால் 5 என்று எழுதியது -3 என்று வரும். ஜேசானிலும் அப்படித்தான்: 9007199254740993 என்ற அடையாள எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் வழக்கமான முறையில் படித்தால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். லாக்கில் ஒரு வரிகூட இருக்காது. எழுதியதை உடனே திரும்பப் படித்து, இரண்டையும் மதிப்பு மதிப்பாக ஒப்பிடும் சோதனைதான் இதைப் பிடிக்கும். அந்தச் சோதனையும் எழுதும் பக்கத்து நிரலிலேயே ஓடினால் பயனில்லை. உண்மையில் படிக்கப்போகும் மொழியில், படிக்கப்போகும் பதிப்பில் ஓட வேண்டும்.