கிளினிக்கில குடுக்கிற இரும்புக் குளிசை: கேட்டு வாங்குங்க, சரியாப் போடுங்க

இலங்கையில எம்ஓஎச் (அரச சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கால கர்ப்பிணித் தாய்மாருக்கு போலிக் அசிட், இரும்புக் குளிசை, விற்றமின் சி, கல்சியம், பூச்சி மருந்து, திரிபோஷ எண்ட சத்துமா எல்லாம் இலவசம். அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் காசு) கிடைக்கிற குடும்பமா இருக்கோணும் எண்டெல்லாம் இல்ல, வயித்தில புள்ள இருந்தாப் போதும், அதுதான் தகுதி. திட்டத்தப் பத்தி இவ்வளவு போதும். கரைச்சல் எல்லாம் அந்தக் குளிசை கைக்கு வந்து சேர்றதிலயும், வந்தது உடம்பில சேர்றதிலயும்தான்.

முதல் ஆக்கள் மாட்டுப்படுறது விலாசத்தில. அடையாள அட்டையில வாகரை, இருக்கிறது களுவாஞ்சிகுடி எண்டா "அங்க போய்ப் பதியுங்க" எண்டு திருப்பி அனுப்புவாங்க, அங்க போனா "நீங்க இப்ப இஞ்ச இல்லயே" எண்டுவாங்க, இப்பிடியே மாதம் போயிரும். நீங்க இப்ப எந்த வீட்ட இருக்கிறீங்களோ அந்த ஏரியா மிட்வைப்தான் (குடும்ப நல மாது) உங்களப் பதியோணும். அடையாள அட்டை விலாசம் அதுக்குத் தடை இல்ல, அதச் சொல்லிக் கேளுங்க. புள்ளப்பேறுக்கு அம்மா வீட்ட போறதெண்டா ரெண்டு பக்கத்து மிட்வைபுக்கும் முன்னுக்கே சொல்லிட்டு, கிளினிக்கில தந்த கர்ப்பிணிக் கார்டக் கையோட கொண்டு போங்க.

அடுத்தது பிரைவேட். டவுனிலயும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் "நான் டொக்டர பிரைவேட்ல காட்டுறன், கிளினிக் எதுக்கு" எண்டு எத்தனையோ பேர் பதியாமலே விட்டுடுறாங்க. ரெண்டையும் செய்யலாம், ஒருத்தரும் தடுக்கேலாது. பதியாட்டி குளிசை மட்டுமில்ல, 2015ல மாதம் 2,000 ரூபாப் படி தொடங்கின போஷாக்குக் கொடுப்பனவும் கைவிட்டுப் போகும், ஏனெண்டா அதுக்கும் மிட்வைபின்ட பதிவுதான் அடிப்படை. எட்டுக் கிழமைக்கு முதல் பதிஞ்சிடுங்க. "மூணு மாதம் கழியட்டும், கண்ணூறு படும்" எண்டு வீட்ட பெரியாக்கள் சொல்லுவாங்க, ஆனா போலிக் அசிட் வேலை செய்யிற காலமே அந்த முதல் மூணு மாதம்தான்.

"ஸ்டொக் இல்ல, அடுத்த மாதம் வாங்க" எண்டு சொன்னா அப்பிடியே எழும்பி வந்திராதீங்க. அண்டைக்குக் குளிசை குடுக்கல்ல எண்டு கார்டில எழுதித் தரச் சொல்லுங்க. எழுதச் சொல்லிக் கேட்டாலே உள்ளுக்குப் போய் இன்னொருக்காத் தேடிப் பாக்கிற இடங்கள் இருக்கு, நான் கண்ணால கண்டிருக்கன். அப்பிடியும் இல்லாட்டி எம்ஓஎச் ஒபிசுக்கு நேரா போங்க, ஒரு மாதம் சும்மா விட ஏலாது.

இனி குளிசை கிடைச்ச பிறகு நடக்கிற அநியாயம். கிரான் பக்கம் ஒரு தங்கச்சிட கார்ட் பாத்தன். ஒவ்வொரு மாதமும் குளிசை குடுத்ததா அடையாளம் போட்டிருக்கு. முதல் பதிவில எச்பி (ரத்தத்தில ஹீமோகுளோபின் அளவு) 10.8, 28 கிழமையில 9.1. "நீ குளிசை போடுறல்ல, பொய் சொல்றா" எண்டு கிளினிக்கில எல்லாருக்கும் முன்னால ஏசியிருக்காங்க. அந்தப் புள்ள ஒரு குளிசை தவற விட்டதில்ல. நாலஞ்சு சின்னக் கடதாசி உறை, மேல பேனையால கிறுக்கின ஒரு எழுத்தும் வாசிக்க ஏலாது. ராச்சாப்பாட்டோட கல்சியம், இரும்பு எல்லாத்தையும் ஒண்டா வாயில போட்டு, இரும்பு மணம் போக ஒரு பிளேன்டியும் (பால் விடாத தேத்தண்ணி) குடிச்சிருக்கா. எப்பிடிப் போடுறதெண்டு அவக்கு ஒருத்தரும் சொல்லல்ல, ஏச்சு மட்டும் கிடைச்சிருக்கு.

கல்சியமும் இரும்பும் ஒண்டாப் போட்டா இரும்பு ஒழுங்காச் சேராது. தேத்தண்ணி அதவிட மோசம், சாப்பாட்டோட குடிச்சா அதில இருக்கிற இரும்பில பாதிக்கு மேல சேராமலே போயிரும், பால் தேத்தண்ணியும் அப்பிடித்தான். கல்சியத்தக் காலம்பற போடுங்க, இரும்ப விற்றமின் சியோட ராவைக்குப் படுக்கப் போகக்குள்ள போடுங்க. தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் முந்தியும் வேணாம், ரெண்டு மணித்தியாலம் பிந்தியும் வேணாம். நெஞ்செரிவுக்கு வாங்கிக் குடிக்கிற மருந்தும் இரும்பத் தடுக்கும், அதையும் தள்ளி வைங்க. வெறு வயித்தில பிரட்டினா கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போடுங்க, சேர்றது குறையும்தான், ஆனா அடியோட நிப்பாட்டுறதவிட அது எவ்வளவோ நல்லம். மலம் கறுப்பாப் போறது வழமை, பயப்பட வேணாம்.

உடம்புக்குத் தேவையான இரும்பும் ஒரே அளவா நிக்கிறல்ல. ஆம்பிளைக்கு ஒரு நாளைக்குச் சாப்பாட்டில 8 மில்லிகிராம் காணும், மாதவிடாய் வாற பொம்பிளைக்கு 18, கர்ப்பிணிக்கு 27. ஒரு கர்ப்பம் முழுக்கக் கணக்குப் பாத்தா கிட்டத்தட்ட 1,000 மில்லிகிராம், அதில பெரும்பங்கு கடைசி மாதங்கள்ல. உடம்பும் அதுக்கேத்த மாதிரி, கையிருப்புக் குறையக் குறையக் கூட இழுத்தெடுக்கும். ஆனா காய்ச்சல், கிருமித் தொற்று வந்தா ஈரல் ஹெப்சிடின் எண்ட ஒரு ஹோர்மோனக் கூட விடும், அது குடலால இரும்பு உள்ள போற வழியப் பூட்டிரும். காய்ச்சலோட இருந்த மாதம் எச்பி ஏறல்ல எண்டு தாயில பழி போடுறது நியாயமில்ல. வயலுக்குள்ள வெறுங்காலோட இறங்கிற ஆக்களுக்குக் கொழுக்கிப் புழுவும் இருக்கு, அது குடல்ல இருந்து ரத்தத்த உறிஞ்சும். 12 கிழமைக்குப் பிறகு குடுக்கிற பூச்சி மருந்த "வயித்துப் புள்ளைக்குக் கூடாது" எண்டு எறியாதீங்க.

முருங்கையிலை, கீரை, கௌபி, பருப்பில உள்ள இரும்பு லேசில சேராது, தேசிக்காய்ப் புளி விட்டா, கொய்யா, நெல்லி சேத்தா கூடச் சேரும். இறைச்சி, ஈரல், மட்டி, மீன்ல உள்ளது நல்லாச் சேரும். இருந்தாலும் கர்ப்பத்தில சாப்பாட்டால மட்டும் சமாளிக்கிறது கஷ்டம். திரிபோஷ தாய்க்குத் தாறது, வீட்டில எல்லாருக்கும் உருண்டை பிடிச்சுக் குடுத்திட்டுத் தாய்க்கு ஒண்டுமில்லாம விடாதீங்க.

புள்ள பிறந்ததோட குளிசையும் முடிஞ்சிது எண்டு நினைக்கிறதுதான் கனபேர் விடுற பிழை. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதத்துக்குத் தாய்க்குக் குளிசை இருக்கு, கேக்காட்டி சில இடங்கள்ல தரவே மாட்டாங்க. வீட்ட வந்த உடன மிட்வைபுக்கு அறிவிச்சு, ஆஸ்பத்திரித் துண்டையும் காட்டுங்க. புள்ளைக்கு ஆறு மாதத்தோட பிறக்கக்குள்ள கொண்டு வந்த இரும்பு முடிஞ்சிரும், 6, 12, 18 மாதத்தில சோத்தில கலந்து குடுக்கிற நுண்போசணைத் தூள் பக்கற் தருவாங்க, அதையும் கேளுங்க. பள்ளிக்கூடத்தில கிழமைக்கு ஒருக்காக் குடுக்கிற குளிசையப் புள்ளையள், முக்கியமாப் பொம்பிளப் புள்ளையள், போடுறதத் தடுக்காதீங்க, சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லுங்க. வீட்டில மிச்சம் கிடக்கிற இரும்புக் குளிசையச் சின்னப் புள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில வைங்க, இனிப்பெண்டு நினைச்சு அள்ளித் திண்டா உயிருக்கே ஆபத்து.

எச்பி 11க்குக் கீழ எண்டா கேள்வி கேளுங்க. 10க்குக் கீழ போனா அடுத்த கிளினிக் மட்டும் பாத்துக்கொண்டிராம டொக்டரக் காட்டச் சொல்லுங்க, 7க்குக் கீழ எண்டா அண்டைக்கே ஆஸ்பத்திரி.

கிளினிக்கில சரிவராட்டி எம்ஓஎச் டொக்டர், அதுக்கு மேல பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர். அம்பாறை மாவட்டத்து ஆக்கள் கவனிங்க: கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் கல்முனைப் பணிமனைக்குக் கீழதான் வரும். மாவட்டம் அம்பாறை எண்டு அம்பாறை டவுனுக்குப் போனா அங்கயிருந்து கல்முனைக்குத்தான் அனுப்புவாங்க, பஸ் காசும் ஒரு நாளும் வீண். வாயால சொல்லாமக் கடிதமாக் குடுங்க, உங்கட கொப்பியில திகதி போட்டு சீல் அடிச்சு வாங்கிக்கொண்டு வாங்க.