திரையில் வரும் தாவல் உயரம்: எதை எதனோடு ஒப்பிடலாம்?

பனித்தளத்தில் சறுக்கியபடி தாவியும் சுழன்றும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் விளையாட்டின் ஒளிபரப்பில் ஒரு தாவல் முடிந்த சில நொடிகளில் அதன் உயரமும் தூரமும் இறங்கியபோது இருந்த வேகமும் எண்களாகத் திரையில் வருவதை இன்று பல போட்டிகளில் பார்க்கிறோம். ரசிகர்கள் அந்த எண்களைச் சேகரித்து, வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு தளங்களில் தாவிய இருவரை அருகருகே நிறுத்தி, யார் சிறந்தவர் என்று முடிவு கட்டுகிறார்கள். பயிற்சி பெறும் பிள்ளைகளின் பெற்றோரும் அதே எண்களோடு வந்து, தங்கள் பிள்ளை ஏன் அந்த உயரத்தை எட்டவில்லை என்று கேட்கிறார்கள். விளையாட்டு வீடியோக்களிலிருந்து அசைவுகளை அளந்து பயிற்சியாளர்களுக்கு அறிக்கை தருவது என் தொழில் என்பதால், இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே முறையில், ஒரே புள்ளியை வைத்து அளந்த எண்களை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். மற்ற ஒப்பீடுகள் எல்லாம் எவ்வளவு துல்லியமாகத் தோன்றினாலும் நம்மைத் தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

இந்த வகை அளவீட்டைப் பரவலாக அறியச் செய்தது ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சி பயன்படுத்திய 'ஐஸ் ஸ்கோப்' அமைப்பு. 2019ஆம் ஆண்டு சைதாமாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியில் தாவல்களின் உயரம், தூரம், இறங்கும் வேகம் ஆகிய மூன்றையும் அது நேயர்களுக்குக் காட்டியது. இத்தகைய அமைப்புகளில் கேமராக்கள் எங்கே இருக்கின்றன, பனித்தளத்தின் எந்தப் புள்ளி படத்தின் எந்தப் புள்ளியில் விழுகிறது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு கையில் இருப்பதால்தான் படத்தில் உள்ள நகர்வை மீட்டராகவும் சென்டிமீட்டராகவும் மாற்ற முடிகிறது. வீட்டிலிருந்து பார்க்கும் நம்மிடம் அந்தக் கணக்கு இல்லை. ஒளிபரப்பாளர் தேர்ந்தெடுத்துத் தரும் படம் மட்டுமே இருக்கிறது.

அந்தப் படத்தை வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்கப் பலரும் நாடும் வழி, ஸ்கேட்டர் காற்றில் இருந்த ஃபிரேம்களை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களை, எண்ணுவது. பனியை விட்ட கணத்திலிருந்து மீண்டும் தொட்ட கணம் வரையுள்ள நேரத்தை வர்க்கப்படுத்தி, புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, 8ஆல் வகுத்தால் உயரம் கிடைத்துவிடும். இயற்பியல் சரியானதுதான். சிக்கல் எண்ணுவதில் இருக்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம் கொண்ட வீடியோவில் 20 ஃபிரேம் என்று எண்ணினால் உயரம் சுமார் 55 செ.மீ. என்று வரும், 21 என்று எண்ணினால் 60 செ.மீ. ஆகிவிடும். ஒரே ஒரு ஃபிரேம் தவறினாலே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் மாறிவிடுகிறது என்றால், இரண்டு ஸ்கேட்டர்களுக்கு இடையே மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பதாக அந்த வீடியோவை வைத்துச் சொல்வதற்கு அடிப்படையே இல்லை.

அந்த ஒரு ஃபிரேமைத் தீர்மானிப்பது எவ்வளவு கடினம் என்பதைத் திரையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள் அறிவார்கள். டோ லூப், ஃபிளிப், லட்ஸ் ஆகிய தாவல்களில் காலணியின் அடியில் உள்ள பிளேடின் முன்பற்கள் பனியைக் குத்தி எழும்பும்போது சீவலாகப் பனி தெறிக்கும். பிளேடின் நுனி அதற்குள் மறைந்துவிடும். போதாததற்குக் கேமராவும் ஸ்கேட்டரோடு சேர்ந்து வேகமாகத் திரும்புவதால் கால் வெறும் தீற்றலாகத் தெரியும். பழைய ஒளிபரப்புகள் பலவும் ஒரு ஃபிரேமுக்குள் அடுத்தடுத்த இரண்டு கணங்களின் வரிகளைப் பின்னி அனுப்பியவை. அவற்றை இணையத்துக்காக மாற்றும்போது அந்த இரண்டு கணங்களும் கலந்து, பிளேடு இரண்டாகத் தெரிவதும் உண்டு. மெதுவாகக் காட்டப்படும் மறுஒளிபரப்பை அளவீட்டுக்குப் பயன்படுத்தவே கூடாது. எந்த வேகத்தில் பதிவானது என்பதோ, எந்த வேகத்தில் ஓட்டப்படுகிறது என்பதோ பார்ப்பவருக்குத் தெரியாது. ஓட்டும்போதே வேகத்தை மாற்றுவது அந்தப் பணியில் வழக்கமானது.

ஃபிரேமைச் சரியாக எண்ணிவிட்டாலும் இன்னொரு பிழை மிஞ்சுகிறது. எழும்பும்போது உடல் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் இறங்குகிறது என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. எழும்பும்போது கால் முழுமையாக நீண்டிருக்கும். இறங்கும்போது முழங்கால் ஏற்கெனவே மடங்கியிருந்தால் உடலின் ஈர்ப்பு மையம் கூடுதலாகக் கீழே வந்தபிறகே பிளேடு பனியைத் தொடும். இப்படி 10 செ.மீ. தாழ்ந்து இறங்கும் ஒருவரின் தாவலைக் கணக்கு சுமார் 5 செ.மீ. கூட்டிக் காட்டும். இடுப்பைப் பின்தொடர்ந்து அளக்கும் முறைகளிலும் இதே போன்ற கேள்வி எழுகிறது: முழங்கால் மடங்கிய நிலையில் இடுப்பு இருந்த உயரத்தைத் தொடக்கமாகக் கொண்டார்களா, பிளேடு பனியை விட்ட கணத்தில் இருந்த உயரத்தையா? எது தொடக்கம் என்பதைப் பொறுத்து ஒரே தாவலுக்கு இரண்டு உயரங்கள் கிடைக்கும், இரண்டுமே அவரவர் முறையில் சரியாகவும் இருக்கும். இரண்டு ஒளிபரப்பு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

தூரத்தைப் பொறுத்தவரை, கேமராவுக்குக் குறுக்கே தாவுபவர் நீண்ட தூரம் சென்றதாகவும், கேமராவை நோக்கியோ விலகியோ தாவுபவர் நின்ற இடத்திலேயே எழும்பியதாகவும் கண்ணுக்குத் தோன்றும். லட்ஸ் தாவலைப் பலர் தளத்தின் மூலையில் செய்வதால் இந்த மயக்கம் அதில் அதிகம். தளத்தின் அளவு தெரிந்திருந்தால் மட்டும் போதாது. எழும்பிய புள்ளியும் இறங்கிய புள்ளியும் பனியின் மேல் எங்கே விழுகின்றன என்பதைத் தளக் குறிகளோடு பொருத்திக் கணக்கிட வேண்டும்.

எல்லாம் சரியாக அளக்கப்பட்ட பிறகும், எந்தத் தாவலை எந்தத் தாவலோடு வைக்கிறோம் என்ற கேள்வி இருக்கிறது. ஓட்ட வேகத்தோடு முன்னோக்கிப் புறப்படும் ஆக்செல் தாவலையும் அதே காலில் எழுந்து அதே காலில் இறங்கும் லூப்பையும் தூரத்தில் ஒப்பிடுவது பொருளற்றது. தொடர் தாவலில் இரண்டாவதாக வருவதைத் தனித் தாவலோடு ஒப்பிடுவதும் அப்படியே. மாறாக, ஒரே ஸ்கேட்டரின் இரண்டு தாவல்களை ஒரே அமைப்பில் அளந்து வைத்துப் பார்த்தால் உண்மையான அறிவு கிடைக்கிறது. அமெரிக்க ஸ்கேட்டர் இலியா மலினின் 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் லேக் பிளாசிடில், முன்னோக்கிப் புறப்படுவதால் அரைச் சுற்று கூடி நாலரைச் சுற்றாகும் நான்கு சுழல் ஆக்செலை முதன்முறையாகப் போட்டியில் வெற்றிகரமாகச் செய்த பிறகு, அது எப்படிச் சாத்தியமாகிறது என்ற கேள்வி வலுத்தது. கூடுதல் சுற்றுக்கு உயரத்தைவிடச் சுழலும் வேகமே காரணம் என்று பெரும்பாலும் கருதப்பட்டுவந்த நிலையில், ஜப்பானின் டோயின் யோகோஹாமா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஐஸ் ஸ்கோப் தரவுகளைக் கொண்டு, நான்கு சுழல் ஆக்செலை முயன்றவர்கள் தங்கள் மூன்று சுழல் ஆக்செலைவிட அதில் உயரமாகவே எழும்பினார்கள் என்று காட்டியது. ஒளிபரப்புத் தொழில்நுட்பம் இந்த விளையாட்டுக்குச் செய்யக்கூடிய நல்ல பணி இதுதான் என்பது என் கருத்து.

நடுவர்கள் தரும் மதிப்பெண்ணை இந்த எண்களால் குறை சொல்வதையும் அடிக்கடி காண்கிறேன். சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியத்தின் விதிகளில் 2018–19 பருவம் முதல் ஒரு தாவலின் செயல்திறனுக்கு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை தரம் வழங்கப்படுகிறது. அதற்கான அளவுகோல்களில் மிக நல்ல உயரமும் நீளமும் முக்கியமானதொன்று. எழும்பலும் இறங்கலும், சிரமமின்மை, முன்னால் வரும் காலடிகள், காற்றில் உடலின் நிலை, இசையோடு பொருத்தம் ஆகியவையும் சேர்த்தே பார்க்கப்படுகின்றன. சுழற்சியில் கால் பங்குச் சுற்று குறைந்ததா என்பதைத் தனியாக ஒரு தொழில்நுட்பக் குழு தீர்மானிக்கிறது. 65 செ.மீ. எழும்பிய தாவலும் சுற்று குறைந்து இறங்கினால் புள்ளியை இழக்கத்தான் செய்யும்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வளரும் வயதுப் பிள்ளைகள்தான். திரையில் பார்த்த எண்ணை இலக்காக வைத்து, ஒரே நாளில் திரும்பத் திரும்பத் தாவச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை ஒரே காலில் விழுகிறது. களைத்த பிறகு செய்யும் தாவல்களில் உயரம் கூடுவதில்லை, இறங்கும் முறைதான் கெடுகிறது. பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் நான் சொல்வது எளிய வழி. கைபேசியை நொடிக்கு 240 ஃபிரேம் பதிவில் வைத்து, முக்காலியில் பொருத்தி, பனி மட்டத்துக்கு அருகில், ஒவ்வொரு முறையும் தளத்தின் அதே இடத்தில் நிறுத்துங்கள். அந்தப் பதிவில் ஒரு ஃபிரேம் தவறினாலும் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் மாறும் என்பதால், இணையத்தில் கிடைக்கும் ஒளிபரப்புத் துணுக்கைவிட அது பன்மடங்கு நம்பகமானது. உடல் களைப்பதற்கு முன் அதே தாவலைச் சில முறை மட்டும் பதிவு செய்து, மிகக் குறைந்த உயரத்தையும் மிக அதிக உயரத்தையும், இறங்கும்போது முழங்கால் எப்படி இருந்தது என்ற குறிப்போடு எழுதி வையுங்கள். சில மாதங்கள் கழித்து வரும் மாற்றம் ஒரே நாளின் தாவல்களுக்கு இடையே இருந்த வித்தியாசத்தைவிடச் சிறியதாக இருந்தால், அதை முன்னேற்றமாகவோ பின்னடைவாகவோ பிள்ளையிடம் சொல்ல வேண்டாம்.