குவில்ட் தைக்க ஆன்லைனில் மிஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்கேலை எடுங்கள்

போன ஆவணியில், மதுரை திருநகரிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் ஆட்டோவில் ஒரு அட்டைப்பெட்டியும் பெரிய துணி மூட்டையுமாக, தையல் மிஷின் பழுது பார்க்கும் என் பட்டறைக்கு வந்தார். மூட்டைக்குள் பாதி தைத்த குவில்ட், அதாவது பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போன சுங்குடிச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, பேத்திக்காக ஒட்டுத்தையல் போட்டிருந்தார். மேலே சேலைத் துண்டுகள், நடுவில் பஞ்சு ஷீட், அடியில் பழைய வேட்டி. மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் தகராறு.

"தம்பி, புது மிஷின். நாலு தையல் விழுந்தா ரெண்டு விட்டுப்போகுது. மோட்டார் போயிருச்சான்னு பாருங்க."

மோட்டாருக்கு ஒன்றுமில்லை. ஊசியைக் கழற்றி நகத்தின்மேல் இழுத்துப் பார்த்தேன். நுனி கொக்கி மாதிரி நகத்தைக் கீறியது. ஊசித் தட்டின் துளை ஓரத்தில் ஊசி மோதிய தடம் மூன்று இடத்தில் இருந்தது. புது ஊசி போட்டு, அவரையே உட்காரவைத்துத் தைக்கச் சொன்னேன். ஓரத்தில் இரண்டு வரி அழகாக ஓடியது. நடுப்பகுதிக்கு வந்ததும், சுருட்டி வைத்த பாதி குவில்ட் மிஷினின் வலப்பக்கத் தூணில் முட்டி நின்றது. டீச்சர் துணியைப் பிடித்து இழுத்தார். அந்த இழுப்பில் ஊசி லேசாக வளைந்தது. வளைந்த ஊசியில் விழும் நூல் வளையத்தை, அடியில் பாபின் இருக்கும் ஷட்டிலின் மூக்கு பிடிக்காமல் தாண்டிப் போனது. தையல் விட்டுப்போனது இதனால்தான். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஊசியிலிருந்து தூண் வரை ஆறு அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு.

விளம்பரத்தில் ஐம்பத்தொன்பது வகைத் தையல், ஹெவி டியூட்டி, எல்.ஈ.டி. விளக்கு, எல்லாம் எழுதியிருந்தது. இந்த ஒரு அளவு மட்டும் இல்லை. இப்படி வந்து நிற்கிறவர்களைப் பார்க்கும்போது, வாங்கும் முன் ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குவில்டுக்கு நேர்த்தையல் மட்டும் போடும் மிஷின் போதும். போதும் என்பதைவிட, அதுதான் நல்லது. ஜிக்ஜாக் போடும் மிஷினில் ஊசி இடமும் வலமும் ஆட வேண்டும் என்பதால், ஊசித் தட்டின் துளை அகலமாக இருக்கும். மெல்லிய சுங்குடித் துண்டின் முனையில் தையலை ஆரம்பித்தால், ஊசி துணியையும் சேர்த்து அந்தத் துளைக்குள் அமுக்கிவிடும். நேர்த்தையல் மிஷினில் ஊசி போகிற அளவுக்கு மட்டும் சின்ன வட்டத் துளை. துணி கீழே இறங்க இடமில்லை. கால் அங்குலம் விட்டு ஒட்டுத்தையல் போடுகிறவர்களுக்கு இந்தச் சின்னத் துளையின் அருமை தெரியும்.

அப்புறம், ஊசிக்கும் தூணுக்கும் நடுவே உள்ள அந்த உள்ளிடம். ஒற்றைக் கட்டில் குவில்ட் என்றால் 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் என்று வையுங்கள். நடுவிலிருந்துதான் தைக்கத் தொடங்க வேண்டும்; ஓரத்தில் தொடங்கினால் பஞ்சு ஒதுங்கிச் சுருக்கம் விழும். நடுவில் தொடங்கினால் 30 அங்குலத் துணி, பஞ்சோடு சேர்ந்து, மிஷினின் வலப்பக்கக் கைக்கு அடியில் போயாக வேண்டும். எவ்வளவு இறுக்கிச் சுருட்டினாலும் நான்கைந்து அங்குல உருளையாக நிற்கும். ஆறு அங்குல இடத்தில் அந்த உருளை போக உங்கள் விரலுக்கு எங்கே இடம்? வீட்டு மிஷின்களில் பெரும்பாலும் ஆறு, ஆறரைதான். குவில்டுக்கென்றே வருகிற நேர்த்தையல் மிஷின்கள் உண்டு. ஜூக்கி டிஎல்-2010க்யூ, பிரதர் பிக்யூ1500எஸ்எல் போன்றவற்றில் எட்டரை அங்குலத்தை ஒட்டி இருக்கும், நிமிஷத்துக்கு 1500 தையல் வரை ஓடும். இரண்டரை அங்குலம்தானே கூட என்று நினைக்காதீர்கள். தைக்கிற கைக்கு அது ஒரு முழு வீடு.

படத்தைப் பார்த்து இதைக் கணிக்க முடியாது. விளம்பரத்தில் போடும் நீளம் மிஷினின் மொத்த நீளம், அதில் சக்கரமும் மோட்டாரும் சேர்த்தி. விற்பவரிடம், "ஊசிக்கும் தூணுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ அனுப்புங்க" என்று கேளுங்கள். மிஷினைக் கையில் வைத்திருக்கிறவருக்கு இது ஐந்து நிமிஷ வேலை. அனுப்பத் தயங்கினால் அவரிடம் மிஷின் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கூடவே இன்னும் மூன்று கேள்வி. துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் எவ்வளவு உயரம் தூக்கும், அதன் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா, அடியில் துணியை நகர்த்தும் பல்லை இறக்க முடியுமா? பல் இறங்கினால்தான் துணியை நம் இஷ்டத்துக்கு நகர்த்திப் பூவும் கொடியுமாகத் தைக்க முடியும். நேர்வரியாகத் தைக்க வாக்கிங் ஃபுட் வேண்டும். மேல்துணியும் அடித்துணியும் ஒன்றாக நகர அது உதவும். அதன் கை ஊசித் திருகின்மேல் சரியாக உட்கார வேண்டும். எல்லா மிஷினுக்கும் எல்லா ஃபுட்டும் பொருந்தாது. மாடல் நம்பர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் பாட்டி காலத்துக் கறுப்புத் தலை மிஷின் இருந்தால், அல்லது அரசு இலவசத் திட்டத்தில் வந்தது இருந்தால், புதுசுக்குப் பணம் கட்டும் முன் அதைத் துடைத்து எண்ணெய் விட்டு ஒரு வாரம் தைத்துப் பாருங்கள். அதுவும் நேர்த்தையல் மிஷின்தான், இரும்பு உடம்பு, அதிராது. மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து, சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷத் துணியும், தொங்கவிடும் அலங்காரத் துணியான தொம்பையும் தைத்துக் கொடுத்த மாஸ்டர்கள் இந்தக் கறுப்புத் தலையில்தான் நாலைந்து மடிப்புத் துணியை அநாயாசமாக ஓட்டினார்கள். மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடைகள் மாறிய பிறகும் மிஷின் மாறவில்லை. சில கறுப்புத் தலைகளில் பல்லை இறக்கத் திருகு உண்டு. இல்லையென்றால் தையல் நீளத்தை பூஜ்யத்தில் வைத்து, பல்லின்மேல் நடுவில் துளையிட்ட அட்டையை ஒட்டிச் சமாளிக்கலாம். ஒட்டுத்தையலுக்கு இதைவிட நல்ல மிஷின் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

கம்பெனிகளில் ஓடும் பவர் மிஷின் வாங்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. உள்ளிடம் தாராளம், முழங்காலால் ஃபுட்டைத் தூக்கலாம். ஜூக்கி டிடிஎல்-8700 மாதிரி மிஷினில் முழங்கால் தூக்கு 13 மில்லிமீட்டர். ஆனால் அது நிமிஷத்துக்கு 5500 தையல் ஓடக்கூடியது. கம்பெனியில் சட்டை தைக்கச் செய்தது. பல்லை இறக்கும் வசதி பொதுவாக இருக்காது. வட்டத் தண்டு ஊசி, வீட்டு மிஷின் ஊசி அதில் சேராது. மேஜையோடு வரும், மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். வாங்குவதென்றால் சர்வோ மோட்டாரோடு வாங்குங்கள். வேகத்தைக் குறைத்து வைக்கலாம், தைக்கும்போது மட்டும் சுற்றும். பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்ட நொடியிலிருந்து சும்மாவே சுற்றி கரண்டைக் குடிக்கும்.

திருப்பூர் கம்பெனி மிஷின் என்று சொல்லி, பாதி விலைக்குப் படம் போட்டு விற்பதையும் பார்க்கிறேன். நல்ல மிஷின்கள் நிச்சயம் உண்டு. ஆனால் "அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்க, சாயங்காலம் லாரியில ஏத்திடறேன்" என்று அவசரப்படுத்துகிறவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பஸ் ஏறிப் போய், நீங்கள் கொண்டுபோன குவில்ட் துண்டை அதில் தைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ அனுப்பும் மிஷினில் வேறொரு ஆபத்து. அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. வில்லாபுரத்திலிருந்து வந்த ஒரு மிஷினுக்கு யாரோ பிளக்கை மட்டும் நம் ஊர் பிளக்காக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பெடலை மிதித்த மாத்திரத்தில் புகை. மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிப்போய், மூடியைத் திறந்ததும் பட்டறை முழுக்க அரக்கு வாடை. மிஷின் அடியில் உள்ள தகட்டில் வோல்ட் எழுதியிருக்கும். பெடலிலும் இருக்கும். இரண்டையும் படித்த பிறகு பிளக்கைத் தொடுங்கள். வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதை ஓட்டக் கூடாது.

சரி, பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அன்றைக்கே பிரியுங்கள். டீச்சர் ஆடித் தள்ளுபடியில் வாங்கினார். ஆடியில் புது மிஷினில் கை வைக்க வேண்டாம் என்று ஆவணி முதல் தேதி வரை பெட்டியைப் பிரிக்காமல் பூஜை அறையில் வைத்திருந்தார். திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள்தான். அது ஆடியிலேயே முடிந்துபோனது. நல்ல நாள் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. என் பட்டறையிலும் ஆயுதபூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம் வைக்கிறோம். ஆனால் பெட்டியைப் பிரித்துச் சோதிப்பது வேறு, வேலையைத் தொடங்குவது வேறு. சோதனையைக் கெடுவுக்குள் முடித்துவிட்டு, முதல் தையலை நல்ல நாளில் போடுங்கள்.

பிரிப்பதை ஆரம்பம் முதல் கடைசி வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். தெர்மாகோலின் ஒரு மூலை நசுங்கியிருந்தால் பெட்டி வழியில் எங்கோ விழுந்திருக்கலாம் என்று அர்த்தம். அந்த மூலையைக் கிட்டத்தில் காட்டுங்கள். பிறகு நூல் கோக்காமல், கரண்ட் கொடுக்காமல், சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே சீராகப் போக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினாலோ 'டிக்' என்று தட்டினாலோ ஊசிக்கும் ஷட்டிலுக்கும் உள்ள டைமிங் தப்பியிருக்கலாம். அப்படியிருந்தால் சுவிட்ச் போடாதீர்கள், திருகைத் தொடாதீர்கள், என்னிடமும் கொண்டுவராதீர்கள். நான் திறந்தால் வாரன்டி போய்விடும். விற்றவருக்கு உடனே எழுதுங்கள். சக்கரம் சீராக ஓடினால் 14ஆம் நம்பர் ஊசி போட்டு, முதலில் இரண்டு மடிப்புப் பருத்தித் துணியிலும், பிறகு பஞ்சு வைத்த மூன்று அடுக்கிலும் தைத்துப் பாருங்கள். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் மிஷினில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அரை நிமிஷம்.

விற்றவர் இழுத்தடித்தால் பயந்து விட்டுவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இரண்டு வருஷம் வரை அவகாசம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பில், வீடியோ, நீங்கள் எழுதிய புகார் மூன்றும் கையில் இருக்கட்டும்.

டீச்சரின் மிஷினில் குறை ஒன்றும் இல்லாததால் அவர் எங்கேயும் புகார் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஊசித் தட்டின் கீறல்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தேன். 60 அங்குல குவில்டை 20 அங்குலமாக மூன்று பட்டைகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு பட்டையையும் பஞ்சோடு தனித்தனியாகத் தைத்து முடித்து, கடைசியில் மூன்றையும் ஒட்ட வேண்டும். பட்டையின் நடுவில் தைக்கும்போது 10 அங்குலத் துணிதான் மிஷினின் கைக்கு அடியில் போகும்; ஆறு அங்குல மிஷின் அதைத் தாங்கும். நேற்று போட்டோ அனுப்பியிருந்தார். இரண்டு பட்டை முடிந்துவிட்டது. மூன்றாவதில் அவர் ஓய்வு பெற்ற அன்று கட்டிய அரக்குச் சிவப்புச் சுங்குடி வருகிறது.